வள்ளியூரில் இல்லாத சரக்கு தென்காசியில் தூங்கியது

2023 ஜூன் இரண்டாவது வாரம், வள்ளியூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தர் காலையிலேயே போன் போட்டார். "என்னவே, பத்து ரூவா ஜூஸ் வந்து எட்டு நாளாச்சு. ஒம்ம ஆளு வாரான், இல்லைங்கான், போறான். யாவாரம் பண்ணுதீரா, இல்ல கடை எண்ணிக்கை எடுக்கீரா?" நான் உடனே கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்து பார்த்தேன். 640 பெட்டி இருக்கிறது என்று காட்டியது. இவ்வளவு இருக்கும்போது இல்லை என்று சொல்லியிருக்கிறானே என்று கடை கடையாக ஆர்டர் எடுக்கும் லைன் பையனைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம் குடோன் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் தென்காசியில் 520, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் உள்ள பெரிய குடோனில் 98, திருச்செந்தூரில் 22. வள்ளியூரில் பூஜ்யம். பையனிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால் இல்லை, அன்று டீ வாங்கிக்கொடுத்ததோடு சரி. இந்த ஒரு குழப்பத்தின் பின்னால் ஒன்றரை வருஷத்தில் ஏறத்தாழ ஆறரை லட்சம் போனது. விநியோகத் தொழிலில் புதிதாகக் கிளை குடோன் போடுகிறவர்கள் யாராவது படித்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அப்போது கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

எங்களுடையது சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், ஜூஸ் எல்லாம் கலந்த ஏஜென்சி. அப்பா காலத்தில் ஒரே குடோன், இரண்டு வேன். நான் வந்த பிறகு தென்காசி, வள்ளியூர், சங்கரன்கோவில், திருச்செந்தூர் என்று நான்கு இடத்தில் சின்னச் சின்ன குடோன் எடுத்தேன். எல்லாமே பாளையங்கோட்டையிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னே பின்னேதான். கடைக்காரருக்குக் கேட்ட மறுநாளே சரக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். ஒரு குடோன் ஐந்தானால் வேலையும் ஐந்து மடங்கு ஆகும் என்று நினைத்திருந்தேன். வேலை அப்படியொன்றும் கூடவில்லை, யோசிக்க வேண்டியதுதான் அதற்கு மேல் கூடியது. சரக்கு எவ்வளவு இருக்கிறது என்ற ஒரே கேள்வி போய், எங்கே இருக்கிறது, எத்தனை நாளைக்கு வரும், வழியில் எவ்வளவு வருகிறது என்று மூன்று கேள்வி ஆகிவிட்டது. நான் பழைய கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

தென்காசியில் 520 பெட்டி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றால், குற்றாலம் சீசன். கேரளாவில் ஜூன் 1-ஐ ஒட்டித் தென்மேற்குப் பருவமழை தொடங்கும், ஐந்தாறு நாளில் அருவியில் தண்ணீர், கூட்டம், கடைகளில் சாஷே ஷாம்பும் சோப்பும் ஜூஸும் பறக்கும் என்பது எனக்கு வாய்ப்பாடு. மே கடைசி வாரமே லோடு ஏற்றிவிட்டேன். அந்த வருஷம் கேரளாவிலேயே மழை ஜூன் 8-ம் தேதிதான் தொடங்கியது, அதுவும் நோஞ்சானாக. தென்காசி குடோனைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தினமும் போன் போட்டு, "அருவியில நூலு மாதிரி விழுது அண்ணாச்சி, குளிக்க வந்தவன் கை மட்டும் கழுவிட்டுப் போறான்" என்பான்.

அதோடு இன்னொரு கதையும் சேர்ந்துகொண்டது. மே மாதக் கடைசியில் கம்பெனி ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு, இன்னும் எட்டு லட்சத்துக்கு பில் போட்டால் அடுத்த ஸ்லாப், அதாவது தள்ளுபடியின் அடுத்த படி, ஒன்றரை சதவீதம் கூடுதல் என்றார். 12,000 ரூபாய் சும்மா வருகிறதே என்று தலையாட்டினேன். அந்த எட்டு லட்சம் சரக்காகவே நான்கு மாதம் முடங்கிக் கிடந்தது. வங்கி ஓவர்டிராஃப்ட் (ஓடி) கடனுக்கு வட்டி 11 சதவீதம், நான்கு மாதத்துக்கு 29,000 சொச்சம். பன்னிரண்டாயிரம் வாங்க இருபத்தொன்பதாயிரம் கொடுத்திருக்கிறேன். ஸ்கீம் என்று யாராவது சொன்னால் இப்போது முதலில் கேட்பது, இந்தச் சரக்கு என் லைனில் எத்தனை நாளில் கடைக்குப் போய் முடியும் என்பதுதான். கம்பெனியிடமிருந்து நான் வாங்கியது என் விற்பனை இல்லை. பெரிய குடோனிலிருந்து கிளைக்கு அனுப்பியதும் இல்லை. கடைக்காரர் பில்லில் ஏறியது மட்டும்தான் விற்பனை. கேட்டால் யாருக்குத் தெரியாது என்பீர்கள். ஆனால் நான் கிளைகளுக்குச் சராசரி எடுத்ததே பெரிய குடோனிலிருந்து சரக்கோடு போன சலான் சீட்டுகளை வைத்துத்தான். தென்காசிக்கு நிறைய அனுப்பினேன், அதனால் தென்காசியில் நிறைய விற்கிறது என்று கணக்குக் காட்டியது, அதனால் இன்னும் நிறைய அனுப்பினேன்.

சராசரியிலேயே இன்னொரு குழி உண்டு. வள்ளியூரில் எட்டு நாள் சரக்கு இல்லை என்றால் அந்த எட்டு நாளும் விற்பனை பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையும் சேர்த்து மாதச் சராசரி எடுத்தால் வள்ளியூரில் விற்பனை குறைந்துவிட்டது போலத் தெரியும், குறைவாக அனுப்புவோம், இன்னும் சீக்கிரம் தீரும். இரண்டு மாதம் இப்படியே ஓடியிருக்கிறது. சரக்கு இருந்த நாட்களை மட்டும் வைத்து எடுத்தால் வள்ளியூரின் ஜூஸ் சராசரி நாளைக்கு 14 பெட்டி. என் எக்ஸெல் காட்டியது 9.

மேலே சொன்ன 520 பெட்டியில் இரண்டு முறை போன ஆர்டர் ஒன்றும் உண்டு. தென்காசித் தம்பி காலையில் வாட்ஸப்பில் 120 பெட்டி கேட்டிருக்கிறான், பெரிய குடோன் சூப்பர்வைசர் ஏற்றிவிட்டார். அந்த வண்டி பாவூர்சத்திரத்தில் மேம்பால வேலையில் மாட்டி நின்ற நேரத்தில் நான் ஸ்டாக் ஷீட்டைப் பார்த்து, அடடா தென்காசியில் குறைகிறதே என்று இன்னொரு 120-ஐ அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வழியில் வருகிற சரக்கு இரண்டு குடோன் கணக்கிலும் இல்லை. இன்றைக்கு என் ஷீட்டில் "வழியில்" என்று மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கையிருப்பு, அதோடு வழியில் வருவது, அதில் கடைகளுக்கு ஏற்கனவே ஒத்துக்கொண்டதைக் கழித்தது, இதுதான் கணக்கு. அந்த எண்ணைத் தினசரி விற்பனையால் வகுத்து, எத்தனை நாளைக்கு வரும் என்று பார்ப்பேன். பெட்டி எண்ணிக்கையைப் பார்ப்பதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். இருநூறு பெட்டி என்றால் நிறையவா குறைவா என்று யாருக்குத் தெரியும், பதினாறு நாள் என்றால் புரிகிறது.

சரி, தென்காசிச் சரக்கை வள்ளியூருக்கு மாற்ற வேண்டும். நான் செய்த முட்டாள்தனம், அதை வண்ணாரப்பேட்டைக்குத் திருப்பி எடுத்து, இறக்கி, மறுபடி ஏற்றி வள்ளியூருக்கு அனுப்பியது. ஒரு பெட்டிக்கு நான்கு கை. ஏற்றுக்கூலி இறக்குக்கூலி தவிர, நசுங்கிய பெட்டிகள் வேறு. அம்பை, களக்காடு, ஏர்வாடி வழியாக நேராகவே வண்டி விடலாம் என்பது மூன்றாவது தடவைதான் மண்டையில் உறைத்தது. அந்த வருஷம் கிளைக்குக் கிளை மாற்றிய செலவு மட்டும் 58,000. ஒரே ஜிஎஸ்டி எண்ணுக்குள் மாற்றினால் வரி கிடையாது, டெலிவரி சலான் போதும். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில் என்ற ஆன்லைன் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். ஆனால் அந்தக் கிளை குடோன்கள் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் இடமாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். வள்ளியூரை நான் சேர்க்கவே இல்லை. ஆடிட்டர் கண்டுபிடித்துத் திட்டினார், நல்லவேளையாக வழியில் யாரும் மறிக்கவில்லை.

திரும்பி வந்த சரக்கு செய்த இன்னொரு வேலை, காலாவதி. பழைய சரக்கு கடைசியாகக் குடோனுக்குள் வந்ததால், வந்த தேதிப்படி பில் போடும் பையன்கள் அதைப் புதுச் சரக்கு என்று நினைத்து உள்ளே அடுக்கி, நிஜப் புதுச் சரக்கை முன்னால் விற்றார்கள். ஜூஸுக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அக்டோபரில் கேக்கும் பிஸ்கட்டும் ஜூஸுமாகச் சேர்த்து 1,40,000-க்கு எடுத்து அழித்தோம். கம்பெனி கிளைம் கொடுத்தது அதில் சேர்த்தி இல்லை, கொடுக்காதது மட்டும் இவ்வளவு. இப்போது ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் சிவப்பு மார்க்கரில் காலாவதி மாதத்தின் எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கிறோம். 8 என்று எழுதிய பெட்டி இருக்கும்போது 10 வெளியே போகக் கூடாது, எப்போது வந்தது என்ற பேச்சே வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற லோடுமேன் கூட அதைப் பார்த்து எடுத்துவிடுவார்.

இனி வண்டி விஷயம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிச்சமான பணம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வந்தது. வள்ளியூருக்குச் சரக்குப் போக எத்தனை நாள் என்று யாராவது கேட்டால் இரண்டு நாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். முப்பது பெட்டிக்குக் கீழே போனால் ஆர்டர் போடு என்று அதன்படிதான் சொல்லி வைத்திருந்தேன். ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதினேன். ஆர்டர் வந்து பில் ஆக ஒரு நாள். வண்டி நிறையட்டும் என்று காத்திருப்பது இரண்டு நாள், சில நேரம் நான்கு. போய் இறக்க அரை நாள், ஆனி ஆடியில் பணகுடிக் காற்று தார்ப்பாயைக் கிழித்தால் கட்டி மூட இன்னும் நேரம். இறக்கியதைக் கணக்கில் ஏற்றி லைன் பையன் கையில் கொடுக்க மறுநாள். சராசரி ஐந்து நாள், மோசமான வாரத்தில் ஏழு. நாளைக்கு 14 வீதம் ஐந்து நாளைக்கே 70 வேண்டும், நான் 30-இல் ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று நாள் கடை காலியாக இருந்ததில் ஆச்சரியமே இல்லை. நாளைக்கு 20 விற்கும் வாரமும் ஏழு நாள் தாமதமும் ஒன்றாக வந்தால் 140 இருந்தால்தான் தாங்கும்.

140 வைப்பதற்குப் பணமும் இல்லை, இடமும் இல்லை. அதனால் சரக்கைக் கூட்டாமல் நாளைக் குறைத்தேன். நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் செவ்வாயும் வெள்ளியும் வள்ளியூர் வண்டி கிளம்பும். முதல் மாதம் பாதி காலியாகக் குட்டி யானை போனதைப் பார்த்து வயிறு எரிந்தது, ஒரு நடைக்கு 2,200. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அடுத்த மாதத்திலிருந்து காலி இடத்தில் நாங்குநேரி கடைகளின் சரக்கையும் ஏற்றி வழியிலேயே இறக்கினோம். நாள் தெரிந்துவிட்டதால் கடைக்காரர்களும் அந்த நாளுக்கு ஆர்டர் கொடுக்கப் பழகினார்கள். மோசமான வாரத்திலும் ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்றானதும், 20 வீதம் 100 பெட்டி போதுமென்றாகிவிட்டது. ஒரு ஐட்டத்துக்கு வைக்க வேண்டியதில் 40 பெட்டி குறைந்தது, இப்படி நாற்பது ஐட்டத்துக்குப் பார்த்தால் கை நிறையப் பணம் முடங்காமல் மிஞ்சியது. வண்டி வாடகை கூடியது உண்மை. மிச்சமான வட்டி அதைவிடக் கூடுதல்.

எல்லா ஐட்டத்தையும் எல்லாக் கிளையிலும் வைக்கவும் வேண்டாம். எங்களிடம் 300-க்கு மேல் ஐட்டம், அதில் 45 தான் முக்கால் வியாபாரம். அந்த 45 மட்டும் கிளைகளில், மற்றதெல்லாம் பெரிய குடோனில், கேட்டால் அடுத்த வண்டியில் போகும். எங்கே எப்போது தேவை எகிறும் என்று தெரியாத சரக்குக்கு ஒரே இடத்தில் வைக்கிற அவசரக் கையிருப்பு, நான்கு இடத்தில் பிரித்து வைத்தால் சுமார் இரண்டு மடங்கு தேவைப்படும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஊரில் கூடும்போது இன்னொரு ஊரில் குறைவதை ஈடுகட்ட முடியாமல் போவதுதான் காரணம். அந்தக் கணக்கு சரிதான், நானும் அனுபவித்தேன். செப்டம்பருக்குள் மெதுவாக ஓடும் சரக்கு மொத்தத்தையும் வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அந்த இரண்டு நாள் மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்தது. தாமிரபரணி இரண்டு கரையும் தெரியாமல் போனது, திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு நின்றது. நான் குடோன் கதவைத் திறக்க முடிந்தது புதன்கிழமை காலை. தண்ணீர் நாலடிக்கு நின்றுவிட்டு வடிந்திருந்தது. உள்ளே காலை வைத்தால் வழுக்குகிறது, குனிந்து பார்த்தால் சேற்றுக்கு நடுவே வெள்ளையாக நுரை. சோப்புத்தூள் கரைந்து தரை முழுக்க நுரைத்திருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் எலுமிச்சை வாசனையும் சாக்கடை வாசனையும் சேர்ந்து வருகிறது. அந்த வாசனை வந்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும். அடி மூன்று அடுக்கும் கூழ். மேலடுக்குகள் தப்பின, ஆனால் அடி அடுக்கு இளகியதால் பாதி சரிந்து விழுந்து கிடந்தன. 6,40,000-க்குச் சேதம்.

இன்சூரன்ஸ் இருந்தது. வெள்ளமும் அதில் அடக்கம். ஆனால் பாலிசியில் போட்டிருந்த தொகை 30 லட்சம், நான் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து குவித்ததில் அன்றைக்கு இருந்த சரக்கு 48 லட்சம். சரக்கு மதிப்பைவிடக் குறைவாகக் காப்பீடு செய்தால் நஷ்டத்தையும் அதே விகிதத்தில்தான் கொடுப்பார்கள். 48-க்கு 30, அதாவது ஆறு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு நான்கு லட்சம். அதுவும் சித்திரையில்தான் கைக்கு வந்தது. சர்வேயர் வந்து அதைச் சொன்ன அன்று வீட்டில் யாரிடமும் பேசவில்லை. சரக்கை இடம் மாற்ற மூன்று மாதம் எக்ஸெல் போட்டவனுக்கு, பாலிசியை மாற்ற ஒரு போன் போடத் தோன்றவில்லை. பல குடோன்களுக்கும் சேர்த்து ஒரே தொகையாக எடுக்கிற ஃபுளோட்டர் பாலிசி உண்டு, சரக்கு அங்குமிங்கும் ஓடுகிறவர்கள் அதைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, அழிந்த சரக்குக்கு, வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கு ஈடாக நீங்கள் எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். காலாவதி ஆகி அழித்ததற்கும் அதே விதிதான். அந்த வகையில் ஒரு லட்சத்துக்குப் பக்கம் போனது. அதை நஷ்டக் கணக்கில் யாரும் முதலில் சேர்ப்பதில்லை, மார்ச்சில் ஆடிட்டர் வந்துதான் சொல்வார். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் கடைக்காரர்களிடம் நின்றுபோன பாக்கி 85,000. கடையே சேற்றில் கிடக்கும்போது பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு யார் போவது? அதில் பாதிக்கு மேல் நான் எழுதித் தள்ளிவிட்டேன்.

வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு வாரம் கம்பெனியிலிருந்தும் வரத்துக் குறைவு. 170 பெட்டி சோப்பு வந்தது, எல்லாக் கிளையும் கேட்கிறது. வழக்கமாக யார் அதிகம் சத்தம் போடுகிறாரோ அவருக்குப் போகும், எங்களிடம் அது சங்கரன்கோவில். இந்த முறை கணக்குப் போட்டேன். தென்காசியில் நாளைக்கு 12 விற்கிறது, கையில் 60. வள்ளியூர் 8, கையில் 8. திருச்செந்தூர் 6, கையில் ஒன்றும் இல்லை. சங்கரன்கோவில் 4, கையில் 32. கையில் இருப்பது 100, வந்தது 170, ஆக 270. நாள் விற்பனை மொத்தம் 30. எல்லாருக்கும் ஒன்பது நாள் வரும்படி பிரித்தால் தென்காசிக்கு 48, வள்ளியூருக்கு 64, திருச்செந்தூருக்கு 54, சங்கரன்கோவிலுக்கு நாலே நாலு பெட்டி. அங்கிருந்து வந்த போனை இங்கே எழுத முடியாது. ஆனால் அடுத்த லோடு வரும்வரை எந்தக் கிளையிலும் சோப்பு தீரவில்லை.

இவ்வளவு பட்டும் 2024 நவம்பரில் மறுபடி ஒரு கோட்டை விட்டேன். திருச்செந்தூருக்குப் போன வருஷம் இதே வாரத்தில் எவ்வளவு விற்றது என்று ஷீட் போட்டு வண்டி வைத்தேன். 2023-இல் சூரசம்ஹாரம் நவம்பர் 18. 2024-இல் நவம்பர் 7. ஷீட்டுக்குத் திதி தெரியாது, எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா, வீட்டில் அம்மா சஷ்டி விரதம் இருக்கிறார். நான்காம் தேதி திருச்செந்தூர்த் தம்பி, "அண்ணாச்சி, மண்டபம் பூரா ஆளு, தண்ணி பாட்டிலும் ஜூஸும் காலி, நீங்க பிஸ்கட்டா அனுப்பி வச்சிருக்கீய" என்றான். விரதக்காரர்கள் பிஸ்கட் வாங்க மாட்டார்கள் என்பது கூடவா. இருந்த வண்டியில் ராவோடு ராவாக அனுப்பி ஓரளவு சமாளித்தோம். இப்போது ஷீட்டில் ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்தில் தமிழ் மாதம், திதி, ஆடித்தபசு, பங்குனி உத்திரம், ஊர்க் கொடை, பீடிக் கூலி போடும் கிழமை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாதான் ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் பார்த்து நிரப்பித் தருகிறார். குற்றாலத்துக்கு மட்டும் காலண்டரே கிடையாது. 2025-இல் கேரளாவில் மே 24-ம் தேதியே மழை தொடங்கிவிட்டது. அதனால் தென்காசிக்கு முன்கூட்டி மொத்தமாக ஏற்றுவதில்லை, பத்து நாள் சரக்கு அங்கே, மீதி பெரிய குடோனில் நாலரை அடி உயர ரேக்கில். சாரல் விழுந்ததும் தம்பி போன் போடுவான், அன்றைக்குச் சாயங்காலம் வண்டி கிளம்பும். போன வாரம் போட்டான். எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேட்டேன். "ஷாம்பு நாலு நாளைக்கு, ஜூஸ் ஏழு நாளைக்கு, வழியில ஒண்ணும் இல்ல" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "அந்தப் பழைய ரோஸ் சோப்பு மட்டும் பதினாலு பெட்டி அப்படியே கெடக்கு, அதை என்ன செய்ய?" என்றான். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.